விஷமில்லாத வீடு

மனைவியின் பெரியம்மா கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர்; அன்று வருவதாக இருந்தது. கதவைத் திறந்த புது மாப்பிள்ளை பயபக்தியோடு உள்ளே அழைத்தான். வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது வீடா, விஷக் கிடங்கா? இந்த பினாயில் எதுக்கு?"

"தூக்கிப் போட்டுடறேன் அத்தை."

"ரூம் ஸ்ப்ரே, கொசு மருந்து?"

"எல்லாத்தையும்தான்!"

குப்பைத் தொட்டிக்கும் மாடிக்குமாக மூன்று தடவை ஏறி இறங்கியதில் அவனுக்கு நாக்குத் தள்ளியது. அப்போது மனைவி வந்தாள்.

"யாருங்க இவங்க?"

"என்ன கேள்வி இது? உன் பெரியம்மா!"

"அவங்க நாளைக்குத்தான் வர்றாங்களாம்!"

அவன் திரும்பினான். அந்த அம்மாள் நிதானமாகப் பையைத் திறந்தார்.

"எங்க போனாலும் 'வீட்லயே இருக்கு'ன்னு கதவைச் சாத்துறாங்க தம்பி. இங்கதான் ஒண்ணுமே இல்ல. பினாயில் ஒரு லிட்டர் போதுமா, ரெண்டா எடுத்துக்கறீங்களா?"