வால்வு அடைத்த கட்டைவிரல்

என் மனைவி மரகதவல்லிக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் அலமாரியில் டம்ளர்கள் அதிரும். "மூளைக்கு வலியே தெரியாது சார். அதைச் சுத்தியிருக்கிற ரத்தக் குழாயும் நரம்பும்தான் வலிக்குது" என்றார் டாக்டர். குழாயா? குடிநீர் வாரியத்தில் முப்பது வருடம் வால்வு திருகியவன் நான். வீட்டுக்கு வந்ததும் அவள் நெற்றிப்பொட்டில் துடித்த குழாயைக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தேன். டம்ளர்கள் அடங்கின.

"போயிடுச்சுங்க. கையை மட்டும் எடுத்துடாதீங்க."

மூன்று நாளாக எடுக்கவில்லை. சாப்பாடு அவள்தான் ஊட்டுகிறாள். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் அழுத்தம் ஏறும், எனக்குத் தெரியாதா.

"வேற எங்கயாச்சும் துடிக்குதா வல்லி?"

"எங்கயும் இல்லியே. ஏன் கேட்டுக்கிட்டே இருக்கீங்க?"

சும்மாதான் என்றேன். என் கட்டைவிரலில் தொடங்கிய துடிப்பு முழங்கையைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது.