ஒரு டம்ளர் ஆயில்

"ஆயிலைத் திருடித்தானே என் புள்ளையைக் கொன்னே?"

பட்டறைக்குள் நுழைந்ததும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். பின்னாலேயே குவாரி சூப்பர்வைசர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

மெக்கானிக்கின் மனைவி கையிலிருந்த அளவுக் குவளையைக் கீழே வைத்தாள்.

குவாரி மேட்டுக்குத் தண்ணீர் கேன் ஏற்றிப் போகும் நாலு சக்கர பைக்குகள் ஆறுக்கும் இந்தப் பட்டறைதான் கதி. எல்லாம் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அளவு தப்பினால் இன்ஜின் சூடேறி ஜாம் ஆகிவிடும். எட்டு வருஷமாகக் காலையில் கலந்து கொடுப்பது அவள்தான். கைக்குழந்தைக்கு மருந்து அளப்பதுபோல அளப்பாள்.

நான்கு நாளைக்கு முன்பு, பாதி மேட்டில் ஒரு வண்டி ஜாம் ஆகி, கேன்களோடு பின்பக்கமாகக் கவிழ்ந்தது. ஓட்டியவன் பெரியவரின் ஒரே மகன். இருபத்தாறு வயது.

"சத்தியமா அளவு குறையலைங்க ஐயா," என்றார் மெக்கானிக். அந்த இன்ஜின் அவர் மேசைமேல் பிரிந்து கிடந்தது. "சூட்டுலதான் பிஸ்டன் பிடிச்சிருக்கு. ஆனா உள்ளே பாருங்க, ஆயில் வழியுது. எனக்கே ஒண்ணும் புரியலை."

"நல்லா கதை விடுறேய்யா. ஆயில் வழிஞ்சா எப்படிச் சூடாகும்?" என்றார் சூப்பர்வைசர். "ஒருவேளை ஓட்டினவன் எங்கேயும் நிறுத்தாம ஒரே மூச்சுல ஏத்தியிருப்பானோ?"

"என் புள்ளையா?" பெரியவர் சட்டென்று திரும்பினார். "பாதி மேட்டுல பத்து நிமிஷம் நிறுத்தி, ஆற வெச்சுட்டுத்தான் சார் போவான். இன்ஜினைச் சுத்தியிருக்கிற பட்டைங்களுக்கு நடுவுல காத்துப் போகணும்னு, ஒட்டின சேத்தை டூத் பிரஷ்ஷால தேய்ச்சு எடுப்பான். அவன் பல்லைக்கூட அப்படித் தேய்ச்சதில்லை."



"அது உண்மைதான். பையன் மேல தப்பே கிடையாது," என்றார் மெக்கானிக்.

"அப்ப உன் மேலதான் தப்பு. ஆபீஸ்ல நான் யாரையாவது கைகாட்டியாகணும்யா," என்றார் சூப்பர்வைசர்.

"அளந்தது நான்," என்று முன்னால் வந்தாள் மனைவி. "எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க. ஒரு சொட்டு குறைச்சதில்லை."

பெரியவர் பையிலிருந்து பெரிய ஆயில் பாட்டில் ஒன்றை எடுத்து மேசையில் டக்கென்று வைத்தார். பாதிக்குமேல் காலி.

"இவங்க லட்சணம் எனக்கு அப்பவே தெரியும் சார். 'மேட்டுல வண்டி கொதிக்குதுப்பா'ன்னு பையன் சொன்ன அன்னைக்கே சந்தேகப்பட்டேன். முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நான். இந்த ஆயிலை வாங்கிட்டு வந்து, பத்து நாளா அவனுக்கே தெரியாம, தினம் ஒரு டம்ளர் டேங்க்ல ஊத்தினேன். அப்படியும் ஜாம் ஆயிருக்குன்னா, இவன் எவ்வளவு திருடியிருக்கணும்!"

மெக்கானிக் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிஸ்டனை எடுத்து அழுக்குத் துணியில் மெதுவாகச் சுற்றினார்.

"நான்தாங்க ஐயா," என்றார். "ஆயிலைக் குறைச்சுட்டேன்."

"என்னங்க!" என்று அலறினாள் மனைவி.

"நீ சும்மா இரு."

பெரியவர் கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதியிலேயே துவண்டது. அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"நாளையிலேர்ந்து ஒரு வண்டியும் இங்கே வராது. மத்ததை ஆபீஸ் பார்த்துக்கும்," என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் மனைவி வெடித்தாள். "எட்டு வருஷமா நான் அளந்ததைத் திருட்டுன்னு ஒத்துக்கிட்டீங்களே! இனிமே நான் எந்த முகத்தோட தெருவுல நடப்பேன்? அந்த சூப்பர்வைசரைப் பார்த்து அவ்வளவு பயமா?"

அவர் துணியைப் பிரித்துப் பிஸ்டனை வெளியே எடுத்தார்.

"லாரியில டீசல் தனி, ஆயில் தனி. இதுல ரெண்டும் ஒரே டேங்க். ஆயில் கூடினா, அந்த அளவுக்கு இன்ஜினுக்குப் போற பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைஞ்சா இன்ஜின் கொதிக்கும். மேட்டுல கொஞ்சம் சூடாகிறது எல்லா வண்டிக்கும் சகஜம், இது அதுக்கு மேல."

அவள் பார்வை மேசைமேல் இருந்த பாட்டிலுக்குப் போனது.

"அப்ப... அந்த டம்ளர்..."

"போன வாரம் பையன் வந்து, வண்டி ரொம்பப் புகையுதுன்னான். ஃபில்டரைத் துடைச்சு அனுப்பிட்டேன். டேங்க் மூடியைத் திறந்து பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். என் பங்கும் இருக்கு. ஆனா அந்த மனுஷனுக்கு இது தெரிஞ்சா..."

வாசலில் செருப்புச் சத்தம். பெரியவர் தனியாகத் திரும்பி வந்திருந்தார்.

"பையனோட ஹெல்மெட்டு வண்டியோட இங்கே வந்துச்சாமே..."

அவள் ஆணியிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி, தூசு துடைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்றார். குரலில் பழைய கோபம் இல்லை.

"ஏம்மா... உள்ளே ஆயில் வழியுதுன்னு உன் வீட்டுக்காரர் மொதல்ல சொன்னாரே. பாதி வழியில திடீர்னு தோணிச்சு. நான் ஊத்தினதால ஏதாவது...?"

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஐயோ, இல்லீங்க ஐயா. ஆயிலைத் திருடினது நான்தான். நீங்க ஊத்தின அந்த ஒரு டம்ளராலதான் பத்து நாளாவது வண்டி ஓடிச்சு."