பாதி முகம்

மணப்பெண் சுகந்தி இன்னும் குளித்து வரவில்லை. அதற்குள் எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று பார்த்துவிடலாமென்று, மேக்கப் போட வந்த ரெஜினா சுகந்தியின் அக்கா பூங்கோதையைக் கண்ணாடிமுன் உட்காரவைத்தாள். இருவருக்கும் ஒரே மாநிறம்.

"ஒரு பக்கம் மட்டும் போட்டுப் பாக்குறேங்க்கா. ஆடாம இருங்க."

நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒருவர் அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். வலக் கன்னம் மினுங்கியது. வலக்கண் மையில் நீண்டது. உதட்டின் பாதி சிவந்தது. தலையை லேசாகத் திருப்பினால், கண்ணாடியில் ஒரு கல்யாணப்பெண் இருந்தாள்.

"தங்கச்சிக்கு இதுதாங்க்கா. உங்க வயசுக்கு லேசா பவுடரும் சின்னப் பொட்டும் போதும்" என்று ரெஜினா ஈரப்பஞ்சை நீட்டினாள்.

தலையில் துண்டோடு வந்த சுகந்தி வாய்விட்டுச் சிரித்தாள். "அய்யோ அக்கா, உனக்குப் பாதிக் கல்யாணம் ஆயிடுச்சே!"

பூங்கோதையும் சிரித்தாள்.

"பூங்கோதை, தொடச்சிட்டு வாம்மா. மாப்ள வீட்டுக்காரங்க வந்தாச்சு, ஆரத்தி எடுக்கணும்" என்று வெளியிலிருந்து எட்டிப்பார்த்து அம்மா கூப்பிட்டாள்.

"இதோ வரேம்மா."

அவள் பஞ்சை எடுத்து, எதுவும் பூசாத இடக் கன்னத்தை மெல்லத் துடைக்கத் தொடங்கினாள்.