தொடாத காபி

கொண்டுவந்து வைத்த காபியை யாரும் தொடவில்லை. ஏலக்காய் மணத்தோடு ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. ஹிக்மத் ஒவ்வொரு கோப்பையாகப் பார்த்தார்.

எதிர் சோபாவில் தைசீர். போன செவ்வாய்க்கிழமை, டிவி நேரலையில், ஹிக்மத்தின் முகத்தில் ஒரு தம்ளர் தண்ணீரை வீசியடித்த அதே தைசீர். இன்று கோட்டு, டை, மழமழவென்று சவரம் செய்த முகம். ஒரு பக்கம் ஊர்ப் பெரியவர் ஹாஜி ராகிப். மறுபக்கம், வாராவாரம் அப்பாவோடு ஸ்டுடியோவுக்கு வரும் தைசீரின் மகன் ஜவாத், கையில் தூக்கிப் பிடித்த ஃபோனோடு.

ஆக, சமாதானத் தூது. ஒன்றைக் கேட்டு வந்தவர்கள் அது கிடைக்கிற வரை காபியில் வாய் வைக்கமாட்டார்கள். ராமல்லாவில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். ஹிக்மத்துக்குப் புரியாதது ஒன்றுதான். சமாதானத்துக்கு எதற்கு வீடியோ?

வாராவாரம் டிவி விவாதத்தில் இருவருக்கும் ஒரே சண்டை. இஸ்ரேலோடு பேசி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாடு என்பார் ஹிக்மத். ஒரே மண், எல்லாருக்கும் சம உரிமையோடு ஒரே நாடு என்பார் தைசீர். என்பார் என்பதுகூடத் தப்பு, சொல்ல ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் ஹிக்மத் குறுக்கே பாய்ந்துவிடுவார். எதிராளி என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்த பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும்?

"ஒரே ஒரு வாக்கியத்த முடிக்க விடுய்யா" என்று கத்திவிட்டுத்தான் அன்று தைசீர் தம்ளரை எடுத்தார்.

அந்தக் காட்சி உலகம் சுற்றியது. ஒரு ஹீப்ரு சேனல் அதைத் திரும்பத் திரும்பப் போட்டு, "இவங்கள்ல யார்கிட்டப் போய்ப் பேசறது?" என்று சிரித்தது. அதைக்கூட ஹிக்மத் பொறுத்துக்கொண்டார். தெருமுனை ரொட்டிக்கடைக்காரர்தான் சாய்த்துவிட்டார். "உஸ்தாத், எங்களுக்கு வாரத்துல ஒரு நாள்தான் குழாயில தண்ணி. உங்களுக்கு டிவியிலயே வருதே" என்றார். அன்றிலிருந்து ஹிக்மத் வீட்டை விட்டு இறங்கவில்லை. இன்னொரு வீடியோ வெளியே வந்தால் மேடையும் போச்சு, பேரும் போச்சு.

காலையிலிருந்தே வீட்டில் ஏதோ சரியில்லை. மகள் அரீஜ்தான் அவரை ஸ்டுடியோவுக்குக் காரில் கூட்டிப்போய், நிகழ்ச்சி முடிகிற வரை வரவேற்பறையில் காத்திருந்து கூட்டிவருகிறவள். அவள் இன்று கேட்காமலே அவருடைய நல்ல சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தாள். வாசல் மணி அடிப்பதற்கு முன்பே அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. விருந்தாளி வந்தால் முதல் ஆளாக வந்து உட்காரும் மனைவி, சமையலறையை விட்டுத் தலைகாட்டவில்லை.

இவர்களையும் வளைத்துவிட்டார்களா?

ஹிக்மத் யோசித்தார். மறுத்தால், 'எதிரியோட பேசணும்பாரு, பக்கத்துத் தெருக்காரனோட பேசமாட்டாரு' என்று ஊர் பேசும். கெஞ்ச வைத்து மன்னித்தால் சின்ன மனசு என்று பேசும். இரண்டிலும் தைசீருக்குத்தான் லாபம். அவர்கள் கேட்பதற்கு முன்பே தூக்கிக் கொடுத்துவிட்டால்? அந்த வீடியோவில் பெரிய மனுஷன் யார் என்று தெரிந்துவிடும்.

மேஜையைக் குத்திக் குத்திப் பேசுகிற தைசீர், வாயே திறக்காமல் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததும் சந்தேகத்தைக் கூட்டியது.

ஹாஜி தொண்டையைச் செருமினார். "ஹிக்மத் தம்பி, ஒரு நல்ல காரியமா வந்திருக்கோம். தைசீரே தன் வாயால சொல்லட்டும்."

தைசீர் நிமிர்ந்தார். "உஸ்தாத், நமக்குள்ள ஆயிரம் இருக்கும். ஆனா இன்னிக்கு நான் உங்க வாசல்படி ஏறி வந்தது..."

"கொடுத்தேன்" என்றார் ஹிக்மத்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"கேக்க வேண்டிய அவசியமே இல்ல. எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். வீடு தேடி வந்தவங்களைக் கெஞ்ச வெச்சுப் பழக்கமில்ல எனக்கு."

அவர் ஜவாத் பக்கம் திரும்பினார். "பக்கத்துல வந்து எடு தம்பி, முகம் தெளிவா விழட்டும். இதோ ஹாஜி சாட்சி. நீங்க கேட்டு வந்தது எதுவா இருந்தாலும் கொடுத்தேன். இப்பக் காபியக் குடிங்க."

ஜவாத் ஃபோனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "நெஜமாத்தான் சொல்றீங்களா, உஸ்தாத்?"

"கேமரா முன்னாடி சொன்னத நான் என்னிக்காவது மாத்தியிருக்கேனா?"

ஹாஜி ஒரே மடக்கில் கோப்பையைக் காலி செய்தார். ஜவாத் அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டவன்போல முகம் சுளித்தான். காபி எப்போதோ ஆறியிருந்தது. தைசீர் நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

உள்ளேயிருந்து மனைவியின் குலவைச் சத்தம் வீட்டையே தூக்கியது. கதவு மறைவில் அரீஜின் சிரிப்புக் கேட்டது.

ஹிக்மத் விழித்தார். "ஒரு தம்ளர் தண்ணிய மன்னிச்சதுக்கா குலவை?"

"தண்ணிக்கு மன்னிப்பு நாளைக்குத் தனியா வந்து கேக்கறேன்" என்று தைசீர் கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்தார். "இன்னிக்காவது என்னை முடிக்க விட்டிருக்கலாம், சம்பந்தி."