மூடி போட்ட கிண்ணம்

தகமாட்சு துறைமுகத்து உடோன் நூடுல்ஸ் கடையில் நாங்கள் நான்கு பேர். அடுப்பருகே கடைக்காரர் கஜிதானி, வெங்காயத்தாள் நறுக்கியபடி அவர் மனைவி ஃபுமியே, சன்னலோரம் நான், நடுவில் உவாஜிமாவிலிருந்து வந்த பெரியவர் ஹதானோ. அவருக்குப் பக்கத்து இருக்கை காலி. அவர் மகனின் படகு கடைசியாக நின்று போன துறைமுகம் இது. நாற்பது நாளாகத் தகவல் இல்லை. “எனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணும்மா. அவனுக்குக் குளிர்ந்த உடோன்தான் பிடிக்கும். மூடி போட்டுக் குடுங்க” என்கிறார். பயணம் போனவருக்கு உணவு வைத்து மூடுவது எங்கள் வழக்கம். திறக்கும்போது மூடியில் நீர்த்துளி நின்றால் ஆள் உயிரோடு இருக்கிறார். இன்று துளி இல்லையென்றால் ஈமச்சடங்கு செய்துவிடலாம் என்று மனைவியிடம் சொல்லி வந்திருக்கிறாராம்.

குளிர்ந்த நூடுல்ஸில் துளி ஏது? கஜிதானியின் கை நூடுல்ஸைக் குளிர்விக்கும் பனிக்கட்டித் தண்ணீருக்கு மேலேயே நிற்கிறது. “ஐயா, காலையில இங்க சூடா மட்டுந்தான்.”

“நேத்துக் காலையில எனக்குக் குளிர்ந்தது குடுத்தியே?” என்கிறேன், யோசிக்காமல்.

“வாய்ல நூடுல்ஸ் இருக்கும்போது பேசாதீங்கண்ணே” என்கிறாள் ஃபுமியே, கத்தியை நிறுத்தாமல்.

காலி இருக்கையின் முன் மூடிய கிண்ணம் வருகிறது. பெரியவர் இரு கையாலும் மூடியைத் திறக்கிறார். உட்புறம் முழுக்கத் துளிகள், காலை வெயிலில் நடுங்குகின்றன. எழும் ஆவியைப் பார்க்கிறார், கஜிதானியைப் பார்க்கிறார். தலையைத் தாழ்த்துகிறார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து, “துளி இருக்கு. சோறு வைக்கிறதை நிறுத்தாதே” என்று ஊரிலிருக்கும் மனைவிக்கு எழுதுகிறார். உறையிலிட்டு ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்துகிறார். ஃபுமியே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, எதிரிலிருக்கும் தபால்பெட்டிக்கு நடக்கிறாள்.