பதில் போடாதவன்

“மறுபடியும் அதே வீடியோவா?” என்றபடி மனைவி டீயை மரத்தூளுக்கு நடுவே வைத்தாள்.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் நிமிரவில்லை. போனில் ஒருவன் பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை, கைகள் மட்டும்தான்.

“முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவருக்கு ஒரு ஸ்டூலுக்கு நாலு காலை ஒரே அளவா வெட்டத் தெரியலையே!”

“காலை விடு. இழைப்புளியைத் தள்ளினாலே கோணிக்கிட்டுப் போகுது.”

“கோணாம என்ன செய்யும்? இடது கையால எதுக்கு இழைக்கறீங்க?”

“அவன் அப்படித்தான் இழைக்கறான்.”

“அவனுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். உங்களுக்கு என்ன வந்தது?”

அவர் இடது கையை விரித்துப் பார்த்தார். கட்டை விரலில் புதிதாகக் கொப்புளம் வந்திருந்தது.

வீடியோ முடியும்போது அந்தக் குரல் வழக்கம்போல் சொன்னது: “சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. கண்டிப்பா பதில் போடறேன்.”

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். இதற்கு முன் கேட்ட பதினேழு சந்தேகங்களும் அப்படியே கிடந்தன.

“போதுங்க” என்றாள் மனைவி. “யாரு பதில் போடப் போறா? நம்ம பிள்ளை போய்ச் சேர்ந்து ஏழு மாசமாச்சு.”

“தெரியும்.”

அவள் எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை சந்தேகம் ஸ்டூலைப் பற்றியது இல்லை.

‘இடது கையால எழுதினதுக்கு ஸ்கேலால அடிச்சேனே, ரொம்ப வலிச்சுதாடா?’