தரை தொட்ட மகாராணி

ஒரு வீட்டு போர்டிகோவில் ஒரு கிழட்டு ஸ்கூட்டர் நிம்மதியாக இருந்தது, பக்கத்தில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நிற்கும்வரை. வீட்டுக்காரர் ஜெயசீலன் ஞாயிறு தவறாமல் காருக்கு எதையாவது மாட்டுவார். பின்னால் ஒரு இறக்கை, உறுமுகிற சைலன்சர், அடியில் நீல விளக்கு. கடைசியில் ஸ்பிரிங்கை வெட்டி, காரைத் தரையோடு தரையாக இறக்கியும் விட்டார்.

தெருமுனை வேகத்தடையில் காரின் அடிவயிறு தேய்ந்தது. நாலு தடவை தேய்ந்ததும் ஜெயசீலனுக்கு ஆசையும் தேய்ந்துபோனது. காரை நிறுத்திவிட்டு ஒரு சைக்கிள் வாங்கிவிட்டார்.

"அக்கா, என்னைக் கொஞ்சம் தூக்கி விட்டாப் போதும், நானும் வெளிய போயிடுவேன்" என்று கார் தினமும் புலம்பியது.

"எனக்கு அந்த மனுஷன் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டினதில்லடி. நான் தினம் மீன் வாங்கப் போகலையா?" என்றது ஸ்கூட்டர்.

ஒருநாள் காலை ஜெயசீலன் மெக்கானிக்கோடு வந்தார். ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார்கள். காருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களாக்கா, அவர் என்னை மறக்கல."

"இந்த நாலு வீலை வித்தா சைக்கிளுக்கு நல்ல கியர் வந்துடும்ல?" என்றார் ஜெயசீலன்.

சக்கரங்கள் ஆட்டோவில் ஏறிப் போயின. கார் செங்கல் அடுக்குகளின் மேல் நின்றது. என்ன இருந்தாலும் பாவம்தான், எப்படி ஆறுதல் சொல்வது என்று ஸ்கூட்டர் யோசித்துக்கொண்டிருந்தபோது கார் மெல்லக் கேட்டது.

"அக்கா, இந்தச் செங்கல் இம்போர்ட்டடா?"